ஆள் போனால் வீடும் போகுமா?



நான் முன்பு வேலை செய்த ஒரு வானொலி நிலையத்தில், அறிவிப்பாளர் ஒருவர் விலகினால் அதைப் பற்றிக் காற்றலையில் யாரும் மூச்சு விடக்கூடாது. நேற்றுவரை காலை வணக்கம் சொன்ன குரல் இன்று இருக்காது. வேறொரு குரல், ஒன்றுமே நடக்காத மாதிரி அதே நேரத்தில் வணக்கம் சொல்லும். நேயர்கள் போன் போட்டுக் கேட்டால், "அவர் லீவுல இருக்கார்" என்று சொல்வோம். எனக்கும் அதே கதைதான். நான் விலகியபோது மூன்று மாதம் 'லீவில்' இருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அந்தக் கசப்பை மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன். சில மாதங்களுக்கு முன்பு ரவாங்கில் என் அக்காவின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது அது திரும்ப வந்தது.

அக்கா என்றால் பெரியம்மா மகள். பெஸ்தாரி ஜெயா பக்கம், அதாவது நம் பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லும் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். படித்து, தேர்வெழுதி, பயிற்சிக் காலம் முடித்து, பதிவு பெற்ற சொத்து முகவர் ஆனார். ரவாங்கில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் சொந்த நிறுவனம். அலுவலகத்தில் இரண்டு பேர் வேலை. அவருக்குக் கீழே இருபது சொச்சம் 'ரென்'கள், அதாவது வீடு காட்டி, விலை பேசி, விற்றுக் கொடுக்கும் பேச்சாளர்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, அவருடைய குழுத் தலைவர் ஒருவர் விலகல் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்று மாலைக்குள் அவர் குழுவில் இருந்த ஏழு பேரும் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கணக்குப் பார்க்கும் தங்கச்சியும் வந்து நின்றாள். ஆறு வருடம் கூடவே இருந்தவள். "அக்கா, நானும்..." என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாளாம்.

சனிக்கிழமை நான் போனபோது அக்கா பசியாறாமல் உட்கார்ந்திருந்தார். வாங்கிப் போன ரொட்டி சானாய் ஆறிப்போனது.

"நான்தான்டா அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். முதல் வீட்டை விக்கிறப்ப பேசத் தெரியாம நடுங்குனான். இப்ப என் ஆளுங்களையே கூட்டிக்கிட்டுப் போறான். ஒரு காசு கமிஷன் குடுக்கமாட்டேன். டேக் மாத்துற வேலைய இழுத்தடிப்பேன். வீட்டு ஓனருங்களுக்கெல்லாம் போன் போட்டு இவன் யாருன்னு சொல்லப்போறேன்."

அந்த நேரத்தில்தான் மேசை மேல் இருந்த போன் அடித்தது. எடுக்க ஆள் இல்லை. நான் எடுத்தேன். வயதான ஒரு அம்மாவின் குரல்.

"தம்பி, எங்களுக்கு வீடு பாத்துக் குடுத்தவரு போன எடுக்கமாட்டேங்கிறாரு. ஆபீசுக்குப் போட்டா அவரு போயிட்டாருன்னு சொல்றாங்க. ஆளு போயிட்டா, வீடும் போயிடுச்சாப்பா?"

விசாரித்துப் பார்த்தோம். அந்த அம்மாவும் அவர் மகனும் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள். மகன் பெயரில் 320,000 ரிங்கிட்டுக்கு ஓர் இணைமாடி வீடு பேசி முடித்திருந்தார்கள். 2 விழுக்காடு முன்பணம், 6,400 ரிங்கிட், கட்டியாகிவிட்டது. முன்பணக் கடிதத்தின்படி 14 வேலை நாளுக்குள் வாங்கல் விற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் 9 நாள் ஓடிவிட்டது. வங்கி கேட்ட ஒரு சம்பளச் சீட்டு, போனவருடைய கைப்பேசியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. போனவர் இனி அது தன் வேலையில்லை என்று நினைத்தார். இருப்பவர்கள் அது போனவருடைய கோப்பு என்று நினைத்தார்கள்.

அக்கா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அந்தக் கோப்ப எடு" என்றார்.

நிறுவனம் நடத்துகிறவர்களுக்கும், நிறுவனம் மாற நினைக்கும் இளையவர்களுக்கும் பயன்படும் என்பதால், அன்று முழுக்க நாங்கள் பேசியதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். வீடு யாருடைய கோப்பு? நம் நாட்டில் சொத்து முகவர் தொழில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் நடக்கிறது. சட்டம் 242 என்பார்கள். அதைக் கவனிக்கும் வாரியத்துக்கு மலாயில் சுருக்கப் பெயர் எல்பிபிஇஎச். ரென் ஒருவர் பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரில்தான் வேலை செய்ய முடியும். கழுத்தில் தொங்கும் டேக்கில் அவர் படமும் எண்ணும் மட்டுமல்ல, நிறுவனத்தின் பெயரும் இருக்கும். கமிஷன் கேட்கும் உரிமையும் நிறுவனத்துக்குத்தான். விற்பனைக்கு அதிகபட்சம் 3 விழுக்காடு. வீட்டுக்காரர் நியமனக் கடிதம் கொடுத்தது நிறுவனத்துக்கு. வாங்குபவர் முன்பணம் கட்டியதும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில்.

ஆக, ஆள் போகலாம், கோப்பு போகாது. அந்த அம்மாவுக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். அதைச் சொல்ல ஐந்து நாள் ஆனது எங்கள் தவறு.

அடுத்தது கோபம். "இனி மூணு வருஷம் ரவாங்குல எவனும் தொழில் பண்ணக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்கியிருக்கணும்" என்றார் அக்கா. எழுதி வாங்கினாலும் பயனில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் எந்த உடன்பாடும் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. சட்டமே சொல்லும் ஒருசில விதிவிலக்குகள் உண்டு. கடையை நல்லபெயரோடு விற்றவர் பக்கத்திலேயே புதுக் கடை போடாமலிருப்பது அதில் ஒன்று. வேலையை விட்டுப் போகிறவர் அந்த விதிவிலக்கில் வரமாட்டார்.

1964இல் பதிவான ஒரு வழக்கு. கோத்தா பாருவில் ஒரு வழக்கறிஞர், விலகினால் இரண்டு வருடத்துக்கு அந்த ஊரிலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் தொழில் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார். அந்த நிபந்தனை செல்லாது என்றது நீதிமன்றம். வானொலிக்காரனான எனக்குப் பிடித்த வழக்கு இன்னொன்று. 'இசபெல்லா' பாடிய ராக் குழு 'சர்ச்' நினைவிருக்கிறதா? அவர்களுக்கும் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 1994இல் பதிவான தீர்ப்பை எழுதியவர் நீதிபதி விசு சின்னதுரை. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது கட்டுப்படுத்தலாம், முடிந்த பிறகு தொழிலைக் கட்டிப்போட முடியாது என்பதே அதன் சாரம்.

அதற்காகப் போகிறவர் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை. தொழில் அவருடையது, பட்டியல் நிறுவனத்துடையது. 1997இல் பதிவான ஒரு வழக்கில், விலகிப்போன ஊழியர்கள் பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களைப் பயன்படுத்தியது தவறு என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அதோடு, 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. வாங்குபவரின் அடையாள அட்டைப் படம், சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை எல்லாம் அவர் ஒரு நிறுவனத்தை நம்பிக் கொடுத்தவை. அவை பழைய ரென்னின் கைப்பேசியில் கிடந்து, புது நிறுவனத்துக்குப் பயணம் போகக்கூடாது. அந்த அம்மாவின் மகனுடைய சம்பளச் சீட்டு கிடந்த இடத்தை நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. கங்காணி ஊருக்குப் போய்த் தன் சொந்தபந்தத்தை ஆள் சேர்த்துக்கொண்டு வருவார். அவருடைய ஆட்கள் வேலைக்கு இறங்கினால், தலைக்கு இவ்வளவு என்று அவருக்கும் காசு. ஆட்களும் தோட்டத்தைவிடக் கங்காணியைத்தான் நம்பினார்கள். இன்றைய குழுத் தலைவருக்கும் குழுவில் ஒருவர் வீடு விற்றால் ஒரு பங்கு உண்டு. அதனால் அவர் போனால் ஏழு பேர் பின்னால் போவதில் ஆச்சரியம் என்ன? அவர்களைச் சேர்த்ததும், முதல் வீடு விற்கும்போது பக்கத்தில் நின்றதும் அவர். அக்காவை அவர்கள் மாதம் ஒரு முறை கூட்டத்தில் பார்த்தார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், இன்ன கடனைக் கட்டினால் இவரை விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் மட்டும் தொழிலாளியின் முதுகிலேயே ஏறிப் போகும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். டேக் மாற்றும் வேலையை இழுத்தடிப்பேன் என்று அக்கா சொன்னபோது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது. சொன்னேன். அக்கா முறைத்தார். ஆனால் மறுத்துப் பேசவில்லை.

பிறகு வேலையில் இறங்கினோம். வெள்ளைத்தாளில் நான்கு கட்டம். போன எட்டுப் பேர் கையில் இருந்த எல்லாக் கோப்புகளையும் அதில் பிரித்தோம். முதல் கட்டம், வேலையெல்லாம் முடிந்து கமிஷன் மட்டும் வரவேண்டியவை. இரண்டாவது, ஒப்பந்தம் கையெழுத்தாகி வங்கிப் பணத்துக்குக் காத்திருப்பவை. மூன்றாவது, முன்பணம் மட்டும் கட்டியவை. நான்காவது, வெறும் விளம்பரத்தில் இருப்பவை.

முதல் இரண்டிலும் உழைப்பு போனவர்களுடையது. பேசியபடி முழுப் பங்கும் அவர்களுக்கு, பணம் நிறுவனத்துக்கு வந்த பிறகு இத்தனை நாளில் என்று தேதி போட்டு எழுதிக் கொடுப்பது. மூன்றாவதில் மீதி வேலையை இருப்பவர் ஒருவர் செய்ய வேண்டும். அதனால் பங்கைப் பிரிப்பது, யாருக்கு எவ்வளவு என்பதை இருவரும் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது. நான்காவது நிறுவனத்திலேயே இருக்கும். வீட்டுக்காரர் விரும்பினால், நியமனக் கடிதத்தின் காலம் முடிந்தபின் யாரிடம் வேண்டுமானாலும் போகட்டும்.

"மூணாவதுக்கு நான் ஏன் அவனுக்குக் குடுக்கணும்?" என்று கேட்டார் அக்கா. அந்த 320,000 ரிங்கிட் வீட்டுக்கு 3 விழுக்காடு என்றால் 9,600 ரிங்கிட். சின்னத் தொகை இல்லை. பதிலை நான் சொல்லவில்லை. அவரே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன்பு அவர் வேறொரு நிறுவனத்தில் இருந்து விலகியபோது, முடித்துக் கொடுத்த நான்கு வீட்டுக்குக் கமிஷன் தராமல் இழுத்தார்களாம். அந்தப் பணம் கடைசிவரை வரவில்லை. அந்த வருடத் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவில்லை. "அந்த ஆபீஸ் வாசல் வழியா இன்னிவரைக்கும் நான் போறதில்ல" என்றார். பேனாவை எடுத்து மூன்றாவது கட்டத்தில் பங்கு எழுதினார்.

சம்பள ஊழியரின் கதை வேறு. ரென் கமிஷனுக்கு வேலை செய்பவர். கணக்குப் பார்த்த தங்கச்சி சம்பளத்துக்கு வேலை செய்பவள். அவளுக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் உண்டு. ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதவில்லை என்றால், இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 6 வாரம், ஐந்துக்கு மேல் 8 வாரம். முதலாளிக்கும் ஊழியருக்கும் ஒரே அளவு. முறையாக நோட்டீஸ் கொடுத்து விலகுபவருக்குக் கடைசி நாளிலேயே சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும். எடுக்காத ஆண்டு விடுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேமநிதி, சொக்சோ சந்தா பாக்கியில்லாமல் கட்டப்பட வேண்டும்.

பலரும் மறந்துபோகும் ஒன்று வருமான வரித் தாள்கள். ஊழியருக்கு இஏ பாரம், கமிஷன்காரருக்கு சிபி58. ஜூன் மாதம் கோபித்துக்கொண்டு போனவருக்கு அடுத்த வருடம் மார்ச்சில் அதை யார் கொடுப்பார்கள்? போகிற அன்றே ஒரு மின்னஞ்சல் முகவரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எட்டு வாரத்தை அக்கா வீணாக்கவில்லை. ஒவ்வொரு நாளும் செய்யும் வேலையை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். எந்த வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எந்த நாள் போன் போடுவது, வங்கிக் கணக்கை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது, எந்த இணையத்தளத்துக்கு என்ன கடவுச்சொல் என்று எல்லாம். ஆறு வருட அலுவலகம் அந்தப் பெண்ணின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது என்பது அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கே தெரிந்தது. ஏன் போகிறாய் என்று அன்றைக்குத்தான் கேட்டார். சம்பளம் இல்லை காரணம். தவறு நடந்தால் எல்லார் முன்னாலும் திட்டுவதுதான் காரணம். இதை ஆறு வருடத்தில் ஒருமுறைகூட யாரும் அவளிடம் கேட்டதில்லை.

வீட்டுக்காரர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் ஒரு சின்னக் கடிதம் போனது. இன்னார் எங்கள் நிறுவனத்தில் இருந்து விலகிவிட்டார், உங்கள் கோப்பை இனி இன்னார் கவனிப்பார், எண் இது, பணம் எதுவானாலும் நிறுவனத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். அவ்வளவுதான். போனவரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. 'அவர் லீவில் இருக்கிறார்' என்ற பொய்யும் இல்லை. நான்தான் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது என் பழைய நேயர்களை நினைத்துக்கொண்டேன்.

இருப்பவர்களோடும் பேச வேண்டியிருந்தது. எட்டுப் பேர் போன பிறகு மிச்சமுள்ளவர்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது யார் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் ஓடியது. அக்கா அவர்களைக் கூட்டி, போனவர்களுக்கு என்ன கொடுக்கப்போகிறேன் என்பதைத் தாளைக் காட்டியே சொன்னார். போகிறவருக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்துத்தான் இருக்கிறவர், தனக்கு நாளை என்ன நடக்கும் என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இன்னும் ஒருவர் போனார். நான்கைந்து பேர் போவார்கள் என்று பயந்திருந்தோம்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ரவாங் சின்ன ஊர். இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு வீட்டை விற்று, கமிஷனைப் பிரித்துக்கொள்வது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. ஒருவரிடம் வீடு இருக்கும், இன்னொருவரிடம் வாங்குபவர் இருப்பார். இன்று கதவை அறைந்துவிட்டுப் போகிறவரோடு அடுத்த மாதம் அதே வழக்கறிஞர் அலுவலகத்தில் எதிரெதிரே உட்கார வேண்டியிருக்கும். லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் கூட்டாகச் சுரங்கம் நடத்தி, மலாயாவில் முதன்முதலாக மின்சாரப் பம்பு ஓடவைத்த ஊர் இது. கூட்டாளி இல்லாமல் இங்கே எதுவும் நகர்ந்ததில்லை.

அந்த அம்மாவின் வீடு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அன்று மாலையே அக்கா தன் கோபத்தை விழுங்கிக்கொண்டு, போன குழுத் தலைவருக்குப் போன் போட்டார். ஐந்து நாளில் முதல் பேச்சு. "தம்பி, அந்தச் சம்பளச் சீட்ட அனுப்பு. பங்கு எழுதி வச்சிருக்கேன், வந்து பாரு" என்றார். பத்து நிமிடத்தில் சீட்டு வந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள் கையெழுத்தானது.

போன மாதம் அந்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். அந்த அம்மா இரண்டு பேரையும் அழைத்திருந்தார். அவருக்கு இந்தச் சண்டையெல்லாம் தெரியாது. அக்காவும் அந்தத் தம்பியும் ஒரே பந்தியில், நடுவில் இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்தார்கள். இன்னும் இரண்டு கோப்பில் கணக்குத் தீரவில்லை, அதனால் பேச்சும் அதிகமில்லை. சாம்பார் வாளி வந்தபோது அக்கா, "அவனுக்கு ஊத்துங்க, அவன் நிறைய சாம்பார் ஊத்திக்குவான்" என்றார். அவர் தலை நிமிராமல், "கொஞ்சம் போதுங்க்கா" என்றார்.

அடுத்த வாரம் சந்திப்போம்.